இடுக்கில் ஒரு புடைப்பு: குடலிறக்கமும் தாம்பத்தியமும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலையில் தறிக்குழியில் கால்விட்டு உட்காரும் ஒருவர் மாலையில் கையூன்றி எழும்போது தொடையிடுக்கில் ஏதோ கனக்கிறது. தொட்டுப் பார்த்தால், விதைப்பைக்குச் சற்று மேலே எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு. வலி என்று சொல்ல முடியாது. உள்ளே இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும். பாயில் படுத்து அரை மணி நேரம் கழித்துத் தொட்டால் அது இல்லை. மறுநாள் ஜக்கார்டு மிதியை அழுத்த அழுத்த, மதியத்துக்குள் திரும்ப வந்துவிடும்.

படுத்தால் அது மறைந்துபோவதால் அவரும் மறைத்துவிடுகிறார். தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா போடும் துணையாளுக்குத் தெரியாமல் கையால் அமுக்கிக்கொள்கிறார். இறுக்கமாக ஜட்டி போடுகிறார். மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. இதே புடைப்பு கழுத்தில் வந்திருந்தால் மறுவாரமே ஆஸ்பத்திரியில் நின்றிருப்பார். வந்த இடம் அப்படி. அந்த இடத்தில் நோய் என்றால் ஆண்மைக்கு ஆபத்து, அந்த இடத்தில் கத்தி வைத்தால் ஆண்மையே போய்விடும் என்ற இரண்டு பயங்களும் சேர்ந்து, சில வாரங்களில் முடிய வேண்டிய காரியத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிவிடுகின்றன.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடலிறக்கம், நாம் ஹெர்னியா என்று சொல்வது, விறைப்புத் தன்மையை நேரடியாகக் கெடுப்பதில்லை. அதற்கான ஆபரேஷனும் மிகப் பெரும்பாலான ஆண்களிடம் கெடுப்பதில்லை. சிலருக்குத் தொல்லை வருகிறது. அது எது, யாருக்கு, எதனால் என்று பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

இறங்குவது எது, எந்த வழியாக

ஆண் குழந்தையின் விதைகள் முதலில் உருவாவது வயிற்றுக்குள்ளே, சிறுநீரகத்துக்குக் கீழே. பிறப்பதற்கு முன்பு அவை மெல்ல இறங்கி, அடிவயிற்றுச் சுவரில் உள்ள ஒரு சந்து வழியாக விதைப்பைக்கு வந்து சேர்கின்றன. வளர்ந்த ஆணிடம் அந்தச் சந்தின் நீளம் ஏறக்குறைய 4 செ.மீ. விதை வந்த வழியிலேயே அதன் கயிறும் கிடக்கிறது: விந்துக்குழாய், விதைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய், அதைத் திரும்பக் கொண்டுவரும் நாளங்கள், சில மெல்லிய நரம்புகள். இந்தக் கயிறு போக வேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தில் சுவர் முழுதாக மூடாமல் விடப்பட்டிருக்கிறது.

காஞ்சிபுரம் சேலையில் உடலும் கரையும் சேரும் கோர்வையைப் பாருங்கள். சேலை கிழிந்தாலும் கோர்வை பிரியக்கூடாது என்பதற்காகத்தான் அங்கே அவ்வளவு உழைப்பு. வயிற்றுச் சுவரிலும் அப்படி ஓர் இணைப்பிடம் தொடையிடுக்கில் இருக்கிறது. ஆனால் அங்கே வழிவிட்டே ஆக வேண்டியிருப்பதால் அது பிறவியிலேயே கொஞ்சம் தளர்ந்தது. இருமல், முக்கல், சுமை, வயது என்று உள்ளிருந்து அழுத்தம் ஏற ஏற, கொழுப்போ குடலின் ஒரு மடிப்போ அந்தச் சந்துக்குள் தலை நீட்டுகிறது. ஆண்களில் நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. பெண்களுக்கு நூறில் மூவருக்கு. இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் விதை இறங்கிய அந்த வழிதான். வலப்பக்கம் சற்று அதிகமாக வருவதும், பல குடும்பங்களில் அப்பாவுக்கும் மகனுக்கும் வருவதும் உண்டு. ஆகவே புடைப்பு தெரிந்த அன்று செய்த வேலையின்மேல் முழுப் பழியையும் போட வேண்டாம்.

விறைப்பு நடப்பது வேறு பாதையில். ஆணுறுப்பை நிரப்பும் இரத்தம் இடுப்பெலும்புக்குள் ஆழமாக ஓடும் குழாய்களிலிருந்து வருகிறது. அதைத் தூண்டும் நரம்புகள் புராஸ்டேட் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டிச் செல்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அந்தச் சுரப்பியையே எடுக்கும்போது விறைப்பு பாதிக்கப்படுவது அதனால்தான். தொடையிடுக்குச் சந்தில் அந்தக் குழாயும் இல்லை, அந்த நரம்பும் இல்லை. ஹெர்னியா தொடக்கூடியது விதைக்குப் போகிற கயிற்றை. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றால் இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற எல்லாம் தானாக விளங்கிவிடும்.

அப்படியானால் ஏன் தொல்லை வருகிறது

ஹெர்னியா உள்ள பலர் உண்மையிலேயே தாம்பத்தியத்தில் சிரமப்படுகிறார்கள். அதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. உறவின்போது அடிவயிறு இறுகுகிறது. இறுகும்போது புடைப்பு வெளியே தள்ளுகிறது. சிலருக்கு இடுக்கில் சுருக்கென்று பிடிக்கும். சிலருக்கு விந்து வெளியேறும் நேரத்தில் விதை வரைக்கும் வலி ஓடும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் அடுத்தமுறை மனம் முன்னதாகவே வலியை எதிர்பார்க்கும். எதிர்பார்ப்பு வந்த இடத்தில் விறைப்பு நிற்பது கடினம். இது நரம்புத் தளர்ச்சி அல்ல. பயந்த உடம்பு செய்கிற காரியம்.

வெட்கத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முன்கூடத்தில் தறி, அதன் பக்கத்திலேயே படுக்கை, ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் அம்மா அப்பா என்றிருக்கும் வீடுகளில் கணவனும் மனைவியும் தனியாக இருக்கக் கிடைக்கும் நேரமே கொஞ்சம். அதிலும் அவர் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தால், மனைவி என்ன நினைப்பார்? தன்மேல் விருப்பம் போய்விட்டது என்றோ வேறு ஏதோ இருக்கிறது என்றோதான். ஒரு வாக்கியத்தில் தீர்க்கக்கூடிய விஷயம் இது. "இங்க ஒரு கட்டி மாதிரி தள்ளுதும்மா, அழுத்தினா வலிக்குது, டாக்டர்கிட்ட காட்டணும்." இவ்வளவு சொன்னால் போதும். "ஏங்க இத்தனை நாளா சொல்லல?" என்று ஒரு கோபம் வரும். வரட்டும்.

கவனிக்காமல் பல வருடம் விட்டவர்களிடம் குடலிறக்கம் விதைப்பைக்குள்ளேயே இறங்கி, பை தேங்காய் அளவுக்கு வீங்கி, ஆணுறுப்பு அந்த வீக்கத்துக்குள் புதைந்துபோவதும் உண்டு. அப்போது தடையாக இருப்பது எடையும் இடமும்தான். சரிசெய்தபின் பெரும்பாலும் இது மாறிவிடும்.

ஹெர்னியா இருக்கிறது, விறைப்பும் குறைந்திருக்கிறது என்றால் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப்போட்டுவிடாதீர்கள். இதுதான் நான் இந்த அத்தியாயத்தில் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கும் மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை ஆணுறுப்புக்குப் போகும் நுண்ணிய குழாய்களையும் நரம்புகளையும் அரிக்கிறது. பீடி, சிகரெட் அதே குழாய்களைச் சுருக்குகின்றன. உயர் இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கலாம். இருதயத்தின் குழாய்களைவிட ஆணுறுப்பின் குழாய்கள் மெல்லியவை. ஆகவே அடைப்பு அங்கே முதலில் தெரிந்து, மாரடைப்பு சில ஆண்டுகள் கழித்து வருவதுண்டு. நாற்பதைக் கடந்த ஒருவர் எல்லாவற்றுக்கும் ஹெர்னியாதான் காரணம் என்று இருந்துவிட்டால், உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஓர் எச்சரிக்கையைத் தவறவிடுகிறார். ஹெர்னியாவைக் காட்டப் போகிற அன்றே சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கடையில் சீட்டில்லாமல் விறைப்பு மாத்திரை வாங்குவதும் வேண்டாம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ வேறு நைட்ரேட் மருந்தோ எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து உயிரே போகலாம்.

எல்லாப் புடைப்பும் ஹெர்னியா இல்லை

காஞ்சிபுரம் யானைக்கால் நோயை நீண்ட காலம் பார்த்த ஊர். சாக்கடைக் கொசு பரப்பும் அந்தப் புழு ஆண்களிடம் காலைவிட அதிகமாக விதைப்பையில் நீர்கோக்க வைக்கும். நம் பெரியவர்கள் ஓதம் என்றும் விரைவீக்கம் என்றும் சொன்னது இதையே. அண்டவாயு என்ற பெயரில் ஓதத்தையும் ஹெர்னியாவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் உண்டு. வேறுபாடு எளிது. ஓதம் படுத்தாலும் குறையாது. வீக்கத்துக்கு மேலே விரல் வைத்தால் அங்கே எதுவும் தொடராது. இருட்டில் டார்ச் அடித்தால் பெரும்பாலும் உள்ளே ஒளி ஊடுருவும். ஹெர்னியா படுத்தால் உள்ளே போகும், இருமினால் விரலில் வந்து இடிக்கும், மேல்நோக்கி வயிறு வரைக்கும் தொடரும்.

இடப்பக்க விதைக்கு மேலே புழுக்கூட்டம் போல நெளியும் நாளங்கள் தட்டுப்பட்டால் அது வெரிகோசில். குழந்தைப் பேறு தாமதமாகும் ஆண்களில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும். காலில் புண் இருக்கும்போது இடுக்கில் வரும் வலியுள்ள கட்டி நெறிகட்டுதல்; அது வேறு. விதையிலேயே வலியில்லாமல் கல் போல ஒரு கட்டி என்றால், முக்கியமாக 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர், அதே வாரத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும். விதைப் புற்றுநோய் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். பதின்வயதுப் பையனுக்குத் திடீரென்று ஒரு விதையில் தாங்க முடியாத வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதைக் காப்பாற்ற ஆறு மணி நேரமே உண்டு. அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு விடியும்வரை பொறுத்த பையன் விதையை இழந்துவிடுவான். இதை வீட்டில் உள்ள பையன்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சுவரொட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேருந்து நிலையங்களின் சுவரிலும் கழிப்பறைக் கதவிலும் ஆண்மைக்குறைவு, ஓதம், ஹெர்னியா, ஆபரேஷன் இல்லாமல் என்று ஒட்டியிருப்பதைத் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பார்க்கலாம்; எந்தத் தேதியில் எந்த லாட்ஜில் தங்கியிருப்பார் என்றும் இருக்கும். 1954-ஆம் ஆண்டிலேயே இந்தியா ஒரு சட்டம் போட்டது: மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம். உடலுறவு ஆற்றலைக் கூட்டும் என்று மருந்து விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. அதன் பட்டியலில் ஓதத்தின் பெயரும் இருக்கிறது. ஆக, அந்தச் சுவரொட்டியே சட்டத்துக்குப் புறம்பானது. சுவரில் ஏற்பட்ட ஓட்டையை லேகியத்தால் அடைக்க முடியாது. பாவில் இழை அறுந்தால் பிணைத்துத்தான் ஆக வேண்டும் என்பது நெசவாளிக்குத் தெரியாததா? ஹெர்னியா பெல்ட்டும் அப்படியே. ஆபரேஷனுக்கு உடம்பு இடம்கொடுக்காத முதியவருக்கு மருத்துவர் தந்தால் சரி. தானாக வாங்கி ஆண்டுக்கணக்கில் கட்டினால் இடுக்கில் தோலும் தசையும் கெட்டு, பிற்பாடு அறுவையும் கடினமாகும்.

எப்போது ஓட வேண்டும், எப்போது பொறுக்கலாம்

படுத்தும் உள்ளே போகாத புடைப்பு, கல் போல் இறுகித் தொட விடாத வலி, வாந்தி, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமை, மேல் தோல் சிவத்தல் அல்லது கறுத்தல். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே குடல் சந்துக்குள் நெரிபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். கயிறும் சேர்ந்து நெரிபடுவதால் விதையின் இரத்த ஓட்டமும் போகலாம். பலம்கொண்டு உள்ளே தள்ளக்கூடாது, ஒத்தடம் கூடாது, தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். கோயிலில் கருட சேவை நாளாக இருந்து ஊரே வீதியில் நின்றாலும், கூட்டம் குறையட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த ஆபத்து எல்லோர் தலைமேலும் தொங்கிக்கொண்டிருப்பதாகவும் நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, தொல்லை அதிகம் தராத ஹெர்னியா உள்ள ஆண்களைக் கவனித்தபடி காத்திருக்க வைத்துப் பார்த்தது. நெரிபட்டது ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைப் பத்தாண்டு தொடர்ந்தபோது மூன்றில் இரண்டு பேர் கடைசியில் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலிக்காக. சின்னப் புடைப்பு, வலியில்லை, உறவிலும் தொல்லையில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பொறுக்கலாம். உறவில் தொல்லை இருந்தால் பொறுக்க வேண்டியதில்லை. அதுவே ஆபரேஷனுக்குப் போதுமான காரணம். அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆண் குழந்தைகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. கைக்குழந்தையின் இடுக்கில் அழும்போது புடைத்தால், அது நெரிபடும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று பாட்டி சொல்வது தொப்புள் புடைப்புக்குப் பெரும்பாலும் பொருந்தும், இடுக்குக்குப் பொருந்தாது.

கத்தியும் துணியும்

அறுவை சிகிச்சை ஏதோ வெளியூர்ச் சங்கதி என்பதுபோல ஒரு பேச்சு இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து சிறிது தூரத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததையும், அதில் மருத்துவரோடு கத்தி வைத்துச் சிகிச்சை செய்ய ஓர் ஆளும் சம்பளத்துக்கு இருந்ததையும் அது சொல்கிறது. கத்தி இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

தொடையிடுக்குக் குடலிறக்கத்தைச் சரியான முறையில் தைத்து மூடத் தொடங்கியவர் இத்தாலியின் பாதுவா நகரத்து எதுவார்தோ பாசினி, 1884-இல். அவர் தளர்ந்த தசையின் இரு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார். நைந்த துணியின் ஓரங்களை இழுத்துத் தைத்தால் என்ன ஆகுமோ அதுதான் பலரிடம் ஆனது: தையல் இழுபட்டுப் பக்கத்தில் விட்டுக்கொண்டது. நூறாண்டு கழித்து, 1980-களில், லாஸ் ஏஞ்சல்ஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் இழுக்காமல் மேலே ஓர் ஒட்டு வைக்கும் முறையைப் பரவலாக்கினார். அந்த ஒட்டு ஒரு துணி. பாலிபுரோப்பிலீன் இழையில் பின்னிய வலை, வழக்கமான அளவு 7.5 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளம். அதன் கண்களுக்குள் உடம்பின் நார் வளர்ந்து, சில வாரங்களில் சுவரோடு சுவராகிவிடும். 1990-களில் மகாராஷ்டிராவின் தோண்டைச்சா என்ற சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்கர் விலையுயர்ந்த வலைக்குப் பதிலாக, கிருமி நீக்கிய கொசுவலைத் துணியை ஏழை நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தார். 2016-இல் உகாண்டாவில் நடந்த ஆய்வு, அத்தகைய மலிவான வலை கம்பெனி வலைக்குச் சளைத்ததல்ல என்று காட்டியது. எங்கோ ஒரு கிராமத்து மருத்துவர் துணியின் கண்களை எண்ணிப் பார்த்தது உலக மருத்துவத்துக்குப் போய்ச் சேர்ந்தது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

ஆபரேஷன் 'மிகப் பெரும்பாலான ஆண்களிடம்' கெடுப்பதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேனே, இப்போது அதைப் பற்றி. வலை வைக்கும் இடத்தில் மூன்று மெல்லிய நரம்புகளும் விதையின் கயிறும் இருக்கின்றன. நரம்பு தையலிலோ வலையின் நாரிலோ சிக்கிக்கொண்டால் வலி நீடிக்கும். 2006-இல் வந்த டென்மார்க் ஆய்வில், இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 18 முதல் 40 வயது ஆண்களில் ஐந்தில் ஒருவர் உறவின்போது ஏதோ ஓர் அளவு வலி இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வலி தாம்பத்தியத்தையே கணிசமாகப் பாதித்தது நூறில் மூவருக்கு. அந்த மூவருக்கும் சிகிச்சை உண்டு. மிக அரிதாக விதையின் இரத்த ஓட்டம் பாதித்து விதை சுருங்கலாம். அதே பக்கத்தில் இரண்டாவது முறை ஆபரேஷன் செய்யும்போது இந்த ஆபத்து கூடும். விந்துக்குழாய் காயப்படுவதும் அரிது. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டால் மறுபக்க விதை ஈடுகொடுத்துவிடும். இரு பக்கமும் ஹெர்னியா ஆபரேஷன் ஆனவர், அதுவும் குழந்தைப் பருவத்தில் ஆனவர், திருமணத்துக்குப் பிறகு குழந்தை இல்லையென்று பரிசோதனைக்குப் போனால், இந்த விவரத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் மாதிரியா என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. இதில் விந்துக்குழாயை வெட்டுவதில்லை, ஒதுக்கிவைத்துக் காப்பாற்றுகிறார்கள். முதுகில் போடும் மயக்க ஊசியும் ஆண்மையைத் தொடுவதில்லை. சிலருக்கு அன்று ஒரு நாள் சிறுநீர் கழிக்கச் சிரமமாக இருக்கும்.

மருத்துவர் முன்னால் வார்த்தை வராமல் போவது இயல்பு. இப்படிச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்: "டாக்டர், இடுக்கில புடைப்பு ஆறு மாசமா இருக்கு. படுத்தா போயிடுது. வீட்டுக்காரியோட சேர்றப்போ வலிக்குது. விறைப்பு முன்ன மாதிரிதான் இருக்கு." கடைசி வாக்கியத்தை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றுங்கள், விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பு உங்கள் விறைப்பு எப்படி இருந்தது என்று குறிப்பில் இருந்தால், பின்னால் மாற்றம் வந்தால் காரணம் தேடுவது சுலபம். இன்னும் குழந்தை வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள். முன்பு அதே பக்கம் ஆபரேஷன் ஆகியிருந்தால் அதையும். கூச்சமாக இருந்தால், "கூட இருக்கவங்களை கொஞ்சம் வெளிய அனுப்ப முடியுமா சார்?" என்று கேட்கலாம், தவறில்லை.

திறந்து செய்வதா, லேப்ராஸ்கோபியா என்று கேட்பார்கள். துளை வழியாகச் செய்தால் வலியும் மரத்துப்போவதும் குறைவு, சீக்கிரம் எழலாம். ஆனால் முழு மயக்கம் வேண்டும், கைதேர்ந்தவர் வேண்டும். இரு பக்கமும் இருந்தால் அல்லது முன்பு திறந்து செய்தது திரும்ப வந்திருந்தால் அது நல்லது. மற்றபடி நன்றாகச் செய்யத் தெரிந்தவர் எந்த முறையில் செய்கிறாரோ அதுவே நல்ல முறை. அரசு மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷனுக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். விவரம் கேட்க 104 எண் இருக்கிறது.

பீடி இருமல், மலச்சிக்கல், சிறுநீருக்கு முக்குதல் மூன்றையும் முதலில் சரிசெய்யாமல் ஆபரேஷன் செய்தால் புதுச் சுவரிலும் அதே அழுத்தம் விழும். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக ஹெர்னியா வந்தால் புராஸ்டேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கூலியும் நாளும்

நெசவாளி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதற்குப் பயம் மட்டுமே காரணம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். தறி ஓடினால்தான் கூலி. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் வேறு நிற்கிறது. ஆகவே நாளைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு பாவு முடிந்து, அடுத்த பாவு பிணைப்பதற்கு முந்தைய இடைவெளிதான் சரியான நேரம். பாதிச் சேலையைத் தறியில் விட்டுவிட்டுப் போனால் மனம் அங்கேயே கிடக்கும், பத்தாம் நாளே குழியில் இறங்கத் தோன்றும். முதலாளியிடமோ சொசைட்டியிலோ முன்கூட்டியே, "குடலிறக்க ஆபரேஷன், ஒரு மாசம் ஆகும்" என்று பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கோயிலில் வாகனம் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளுக்கு இன்னும் இடைவெளி வேண்டும். தையில் செய்துகொண்டால் வைகாசி பிரம்மோற்சவத்துக்குள் நான்கு மாதம் கிடைக்கும்.

ஆபரேஷன் ஆன இரண்டாம் மூன்றாம் நாள் விதைப்பையும் ஆணுறுப்பும் ஊதா நிறத்தில் வீங்கி நிற்கலாம். யாரும் முன்பே சொல்லாததால் பல ஆண்கள் இதைப் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று அழுதிருக்கிறார்கள். மேலிருந்து கசிந்த இரத்தம் கீழே இறங்குவதுதான் அது. இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும். நல்ல தாங்கலான உள்ளாடை போடுங்கள். தொடை மேற்பக்கம் ஒரு கையகலம் மரத்துப்போயிருக்கலாம். பெரும்பாலும் மெல்லத் திரும்பும். விதை மிகவும் வலித்துக் காய்ச்சல் வந்தால், தையலில் சீழ் வந்தால், சிறுநீர் நின்றால் அன்றே போங்கள்.

அதிகாலை விறைப்பு ஒரு வாரத்துக்குள் திரும்பி வரும். அதைக் கண்டு தையல் பிரியும் என்று பயப்பட வேண்டாம். உறவு எப்போது என்றால், வேகமாக நடக்கும்போதும் இருமும்போதும் வலிக்காத நாள். திறந்து செய்தவருக்கு அது இரண்டு மூன்று வாரம், துளை வழி செய்தவருக்குச் சற்று முன்னதாக. முதல் சில முறை கணவன் மல்லாந்து படுத்து, மனைவி மேலிருந்தால் அடிவயிற்றுக்குப் பாரமில்லை. பக்கவாட்டில் படுத்தும் இருக்கலாம். விந்து வெளியேறும்போது இடுக்கில் ஓர் இழுப்பு முதல் சில வாரங்களில் இருக்கும். வலித்தால் நிறுத்திவிட்டு இருவரும் பேசிக்கொண்டு படுத்திருங்கள். பாதியில் நிறுத்தியதைத் தோல்வியாக மனதில் குறித்துக்கொண்டவருக்குத்தான் அடுத்தமுறை சிரமம்.

தறிக்குத் திரும்பும்போது முதல் வாரம் நூல் சுற்றுவது, தார் சுற்றுவது போன்ற இலேசான வேலை. மூன்று நான்கு வாரத்தில், மருத்துவர் சரியென்றால், சாதா மிதி. ஜக்கார்டு மிதியும் பாரம் தூக்குவதும் ஆறு வாரம் கழித்து. குழியிலிருந்து ஒரே வீச்சில் எம்பி எழாமல், இரு கையையும் ஊன்றி மூச்சை விட்டபடி எழுந்து பழகுங்கள்.

மூன்று மாதம் கழிந்தும் உறவில் வலி நின்றபாடில்லை, அல்லது முன்பில்லாத விறைப்புக் குறைவு தொடர்கிறது என்றால், புது மருத்துவரைத் தேடும் முன்பு ஆபரேஷன் செய்தவரிடமே போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வலை, எந்த முறை என்று அதில் எழுதியிருக்கும். வலி எந்தப் புள்ளியில் தொடங்குகிறது, விறைக்கும்போதா, விந்து வரும்போதா, முடிந்த பிறகா என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போங்கள். எந்த நரம்பு என்று கண்டுபிடிக்க அவருக்கு அந்தக் குறிப்புதான் வேண்டும். அந்த நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்பதிலிருந்து அவர் தொடங்குவார்.